சனிக்கிழமைத் தட்டு

உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நேற்று எவ்வளவு தூசி விழுந்தது? யோசிக்காமல் ஓர் அளவு சொல்லுங்கள். ஒரு ஸ்பூன், ஒரு கைப்பிடி, ஒரு முறம், எதுவானாலும் சரி. சொல்லியாயிற்றா? இப்போது அடுத்த கேள்வி. முன்னப்பின்ன எவ்வளவு?

முழிக்கிறீர்கள். அந்த முழியை எங்கள் தெருவே ஒன்றேகால் வருஷம் முழித்தது. காரணம், எங்கள் வீட்டு முன்னறையில் வந்து தங்கிய ஒருத்தி. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால், எத்தனை இடத்தில் போட்டாய், முன்னப்பின்ன எத்தனை என்று போன் பண்ணிக் கேட்பாள். தெருவில் அவளுக்குத் தூசிக்கா என்று பெயர். முதல் வாரம் கிண்டலாக ஆரம்பித்தது. இரண்டாவது வாரம் தபால்காரரே அப்படித்தான் கேட்டுக்கொண்டு வந்தார்.

நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில், கடலிலிருந்து ஒரு மைல் உள்ளே எங்கள் ஊர். எங்கள் தெருவில் எல்லாமே சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த காங்கிரீட் வீடுகள். எங்கள் வீட்டு மாடிக்கு மட்டும் படிக்கட்டு உண்டு. கிழக்கே கடல்வரை மறைப்பதற்கு ஒரு மரம் கிடையாது. மாடியில் ஏறி நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள், அவ்வளவுதான், வீடு பிடித்துவிட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருப்பதாகச் சொன்னாள். பாலைவனத்துத் தூசி காற்றில் ஏறி வந்து வங்காள விரிகுடாவில் எவ்வளவு விழுகிறது என்று மதிப்பிடப் போவதாகச் சொன்னாள். அம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டாள். வெயிலில் வந்த பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.

நான் அப்போது பி.எஸ்சி. இயற்பியல் முதல் வருஷம். அதாவது, உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லாத வயசு.

அக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு வியாதிதான். எந்த எண்ணையும் தனியாக விடமாட்டாள். நாலு மணி பஸ் வந்துவிடும் என்று டீக்கடையில் சொன்னால், முன்னப்பின்ன எவ்வளவு என்பாள். கல்யாணத்துக்கு ஐந்நூறு பேர் என்றாலும் அதே கேள்விதான். ஒரு நாள் அம்மாவிடம் வயசு கேட்டாள். நாற்பத்தெட்டு இருக்கும் என்றாள் அம்மா. உடனே கேள்வி வந்தது. அம்மா நிஜமாகவே யோசித்தாள். ஒரு பெரிய புயலின்போது தான் நடந்துகொண்டிருந்தோமா தவழ்ந்துகொண்டிருந்தோமா என்று அடுத்த தெரு அத்தை வீடுவரை போய் விசாரித்துக்கொண்டு வந்து, ஒன்றரை வருஷம் முன்னப்பின்ன இருக்கும் என்று சொன்னாள். அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அம்மாவுக்கு டாக்டர் பட்டமே கொடுத்திருப்பாள்.

எண் சொல்லும்போதெல்லாம் அவளுடைய இரண்டு உள்ளங்கையும் எழுந்து எதிரெதிரே நிற்கும், பிடித்த மீன் எவ்வளவு நீளம் என்று காட்டுவதுபோல. நன்றாகத் தெரிந்த விஷயம் என்றால் கைகள் நெருங்கியிருக்கும். தெரியாதது கூடக்கூட விலகும். தன் உயரத்தைச் சொன்னால் அந்த இடைவெளியில் ஒரு தீப்பெட்டி நுழையாது. கடலில் விழும் தூசியைச் சொன்னால் இரண்டு கையும் வாசல் நிலையின் இரண்டு பக்கத்தையும் தொடும்.

இந்த வியாதியால் ஒரு கல்யாணமே நின்றிருக்கிறது. பெண் கேட்டு வந்தவர்கள் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை தங்கமான பையன் என்று அவளுடைய பெரியம்மா சொல்லியிருக்கிறார். இவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், முன்னப்பின்ன என்று கேட்டுவிட்டாள். பெரியம்மா ஆறு மாசம் பேசவில்லையாம். "முன்னப்பின்ன ஒரு மாசம்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

மாடியில் அவள் வைத்திருந்தது மூன்று அகலமான பிளாஸ்டிக் தட்டுகள். தட்டு நிறைய கோலிக்குண்டுகள். நம்புங்கள், கோலிக்குண்டுகள்தான். வெறும் தட்டில் விழுந்த தூசியை அடுத்த காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். குண்டுகளுக்கு நடுவில் இறங்கியது இறங்கியதுதான். தினமும் காலை ஏழு மணிக்கு அந்தக் குண்டுகளைச் சுத்தமான தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரை வெள்ளைத் தாளில் வடிகட்டுவாள். தாளில் மெல்லிய பழுப்பாக ஒரு படிவு நிற்கும். அதுதான் தூசி. வடிந்த தண்ணீரில் இருப்பது கடல் உப்பு. பேனா மாதிரி ஒரு கருவியை அதில் விட்டு, வரும் எண்ணை நோட்டில் கடைசிப் பத்தியில் எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுவாள். அந்தப் பத்தியின் தலைப்பில் 'தள்ளு' என்று எழுதியிருந்தாள். உப்பு அவளுக்கு எதிரி. கடற்கரையில் தூசியைப் பிடிக்கப் போனால் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் வேண்டாத விருந்தாளி.

மூன்று தட்டில் விழுந்ததை வைத்து மொத்தக் கடலுக்கும் கணக்கா, கொஞ்சம் ஓவராக இல்லையா என்று கேட்டேன். மடக்கிவிட்டதாக நினைப்பு. அவள் குதித்துவிட்டாள். அதேதான், அதுதான் பிரச்சினையே என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். கடலில் தட்டு வைக்க மாடி கிடையாது. காற்றில் எவ்வளவு தூசி மிதக்கிறது என்று அளந்துவிடலாம். அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதில்தான் எல்லோருக்கும் குழப்பம். ஒருவர் சொல்வதற்கும் இன்னொருவர் சொல்வதற்கும் மூன்று மடங்கு வித்தியாசம் வருகிறது. மழை பெய்தால் அது தனிக் கணக்கு. உலகமே இதில் தடவிக்கொண்டிருக்கிறது என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். பரீட்சையில் பெயிலானதை இவ்வளவு குஷியாகச் சொல்லும் ஆளை நான் பார்த்ததில்லை.

ஒரு தடவை கோடியக்கரையிலிருந்து ஒரு பைபர் போட்டில் தட்டை வைத்து எடுத்துப் போனாள். திரும்பி வரும்போது தட்டில் அரை வாளிக் கடல் தண்ணீரும், கோலிக்குண்டுகளுக்கு நடுவில் ஒரு மத்தி மீனும் இருந்தன. தலையிலிருந்து கால்வரை நனைந்துபோய் நின்றவள், மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இதையும் கணக்கில் சேர்க்கட்டுமா என்று போட்காரரைக் கேட்டாளாம். அன்றைக்கு இரவு அம்மா அந்த ஒரு மீனைக் குழம்பு வைத்தாள்.

அம்மாவுக்கும் அவளுக்கும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அம்மா மூன்றாம் வகுப்பு. தை மாசத்தில் களத்துமேட்டில் கூலிக்கு நெல் தூற்றும்போது அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா முறத்தை ஆட்டிக்கொண்டே, கனமானது என் காலடியில் விழுகிறது, பதர் நாலடி தள்ளி, தூசு உன் மூக்கில், அதற்கும் சின்னது எந்த ஊருக்குப் போகிறதோ என்றாள். இதைத்தான் நாலு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன் என்று அக்கா கத்தினாள். பதர் தலைமுடி முழுக்க.

இப்போது அந்தச் சித்திரை மாசத்துக் காலையைச் சொல்லியாக வேண்டும்.

விடிந்தும் விடியாத நேரம். அக்கா மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்து, "எழுந்திரிங்க, வந்துருச்சு, வந்துருச்சு" என்றாள். எங்கள் கடற்கரையில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். அம்மா ஒரு கையில் என் தலைமுடியைப் பிடித்தாள். இன்னொரு கையில் அலமாரியிலிருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். செருப்புக்கூட இல்லாமல் தெருவில் மேற்குப் பக்கமாக என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். எங்களைப் பார்த்து எதிர்வீடு ஓடியது. எதிர்வீட்டைப் பார்த்துப் பாதித் தெரு ஓடியது. அக்கா பின்னாலேயே ஓடி வந்து, கடல் இல்லம்மா, தூசி, தூசி என்று கத்தினாள்.

அம்மா நின்றாள். திரும்பினாள்.

"ஏண்டி, வானத்துல மண்ணு பறக்குதுன்னு சொல்றதுக்கா என்னை இந்த ஓட்டம் ஓட வச்ச?"

ஆனால் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். சூரியன் வெள்ளையாக, சூடே இல்லாமல், எவர்சில்வர் தட்டு மாதிரி நின்றது. வானம் முழுக்க அரிசி களைந்த தண்ணீர் நிறம். மறுநாள் காலை வடிகட்டிய தாளில் செங்கல் பொடி மாதிரி படிந்திருந்தது. வழக்கமான படிவைவிடப் பல மடங்கு. அரபிக்கடலைத் தாண்டி வந்திருக்கிறது, இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், முன்னப்பின்ன ஐந்நூறு என்று கை காட்டினாள். தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"எங்க அத்தா பெட்டி வாசனை" என்றாள்.

அத்தா என்றால் அவர்கள் வீட்டில் அப்பா. இருபது வருஷமாக வளைகுடாவில் கட்டட வேலை. நாகப்பட்டினத்து வீட்டுக்கு லீவில் வரும்போதெல்லாம் அவர் பெட்டியின் தையலோரத்தில் சிவப்பாக ஒரு பொடி இருக்குமாம். அவளுடைய அம்மா பெட்டியைச் சுவரில் தட்டித் தட்டிக் கொட்டுவார், இவள் அதைப் பொறுக்கி மாத்திரை டப்பாவில் போட்டு வைப்பாள். ஏழு டப்பா சேர்த்திருக்கிறாள். அத்தாவைவிட அத்தா ஊர் மண்தான் அடிக்கடி வீட்டுக்கு வந்திருக்கிறது என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தாளை எடை போடப் போய்விட்டாள்.

அந்தத் தூசியில் இரும்புச் சத்து இருக்கிறது, கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசிக்கு அது சாப்பாடு, பாசியைத் தின்றுதான் மீன் என்று அம்மாவிடம் சொன்னாள்.

"அப்ப கடலுக்கு எரு போடுறது பாலைவனமா?"

"ஆமாம்மா."

"வருஷத்துக்கு எத்தனை வண்டி?"

அக்காவின் இரண்டு கையும் மெதுவாக விரிந்து வாசல் நிலையைத் தொட்டன. "அதுக்குத்தாம்மா வந்துருக்கேன்."

சரி, அம்மா எடுத்துக்கொண்டு ஓடிய அந்தக் கவரைப் பற்றி. அதில் இருந்தது எங்கள் மூன்று மா நிலத்தின் பட்டா. மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். ஒரு காலத்தில் எங்கள் தெரு ஆட்கள் யாருக்கும் ஒரு முழம் நிலம் கிடையாது, மிராசுதார் வயலில் கூலிதான். அப்பா காலத்தில் கொடி பிடித்து, மறியல் செய்து, மூன்று தடவை ஜெயிலுக்குப் போய் வாங்கினார்கள். கடைசியில் ஓர் ஆட்சியில் மேடை போட்டு, மாலை போட்டு, தலைவர் படம் அச்சடித்த கவரில் வைத்துப் பட்டாவைக் கொடுத்தார்கள். அப்பா இறந்த பிறகு அம்மாதான் அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டாள். அதில் ஒரு நிபந்தனை உண்டு. பயிர் செய்ய வேண்டும். வருஷக்கணக்கில் போட்டு வைத்தால் பட்டாவைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு வருஷமாக எங்கள் வயலில் நாற்று நட்ட பத்தாம் நாள் கருகியது. மேல்மண்ணில் வெள்ளை பூத்திருந்தது. நாக்கில் வைத்தால் கரித்தது. கிராமக் கணக்கான அடங்கலில் தரிசு என்று இரண்டு வருஷம் எழுதிவிட்டார்கள். பக்கத்து வரப்புக்கு அந்தப் பக்கம் இறால் பண்ணை. கடல் தண்ணீரை மோட்டார் வைத்து இழுத்துக் குளத்தில் நிறுத்துவார்கள், இறால் பிடித்ததும் அந்தத் தண்ணீரை எங்கள் பாசன வாய்க்காலில் திறந்துவிடுவார்கள். பண்ணைக்காரருக்கு ஆட்சி மாறினால் வேட்டிக் கரை மாறும், குளத்தின் கரை மட்டும் மாறாது, எங்கள் பக்கமாக நகர்ந்துகொண்டே வரும். அவர் சொன்ன சமாதானம் ஒன்றுதான். கடற்கரை ஊர், காற்றிலேயே உப்பு வருகிறது, வானத்திலிருந்து விழுவதற்கு நான் பொறுப்பா?

அம்மா மனு கொடுத்தாள். தெருவில் இன்னும் பதினோரு குடும்பம் கொடுத்தது. விசாரணைக்குத் தேதி போட்டார்கள்.

அதற்கு நடுவில் சனிக்கிழமைத் தட்டு.

ஏழு மாசத்துக் கணக்கை வரைபடமாகப் போட்டபோது அக்கா ஒன்றைக் கவனித்தாள். ஒவ்வொரு வாரமும் சனிக்கிழமை காலை எடுக்கும் தட்டில் மட்டும் தூசி பாதிக்கும் கீழே இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடுகிறது. அவளுக்குத் தூக்கம் போயிற்று. காற்று வாரம் பார்த்து அடிக்காது, பாலைவனத்துக்கு லீவு கிடையாது. வெள்ளிக்கிழமை லாரி ஓடாதா, செங்கல் சூளை எரியாதா, அறுவடை மெஷின் நிற்குமா என்று ஊரெல்லாம் விசாரித்தாள். நானும் என் இயற்பியல் அறிவையெல்லாம் கொட்டி நாலு தியரி சொன்னேன். நாலும் மொக்கை.

அக்கா வழக்கமாக வியாழன் சாயந்திரம் நாகப்பட்டினத்துக்குக் கிளம்பி, வெள்ளி முழுக்க வீட்டில் இருந்துவிட்டு, சனி முதல் பஸ்ஸில் வந்து இரண்டு நாள் தூசியைச் சேர்த்து எடுப்பாள். ஒரு வாரம் போவதாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு அம்மா வந்தாள். கையில் வாளி, சோப்புத்தூள், தேங்காய் நார். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிறவள் மாடியை மட்டும் விடுவாளா? மாடியைக் கழுவிவிட்டு, மூன்று தட்டையும் எடுத்து, கோலிக்குண்டுகளைப் பாத்திரம் தேய்ப்பதுபோலத் தேய்த்து, அலசி, வெயிலில் காயவைத்து, பழையபடி அடுக்கி வைத்தாள். விளக்கு ஏற்றுகிற நாளில் வீட்டில் அழுக்குத் தட்டு அண்ணாந்து கிடக்கலாமா?

அக்கா தடுக்கவில்லை. எல்லாம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

"எத்தனை வெள்ளிக்கிழமையாம்மா?"

"நீ வந்ததுலேர்ந்துதான். பாவம், படிக்கிற புள்ள, நீ எங்க தேய்க்கப் போற?"

நான் காலேஜிலிருந்து வந்தபோது அக்கா மாடியில் குப்புறப் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அழுதுகொண்டிருந்தாள். ஏழு மாசத்துச் சனிக்கிழமைகள் போயின. அக்கா நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தாள், கோபமே இல்லை. மர்மம் தீர்ந்த சந்தோஷம்தான். நோட்டின் ஓரத்தில் காரணமும் எழுதினாள்: வெள்ளி, அம்மா.

அந்த நோட்டைத்தான் அம்மா ஒரு வாரம் கழித்துப் பிடித்தாள். காலையில் அக்கா பேனாக் கருவியைத் தண்ணீரில் விட்டு எண் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இது என்ன என்று கேட்டாள். உப்பு, வேண்டாதது, கழித்துவிடுவேன் என்றாள் அக்கா.

"வானத்துலேர்ந்து விழுற உப்பா?"

"ஆமாம்மா, காத்துல வர்ற..."

அக்கா பாதியில் நிறுத்தினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு வினாடி தாமதமாகத்தான் உறைத்தது. எங்கள் மாடியில் காற்றில் எவ்வளவு உப்பு விழுகிறது என்பதற்கு நாள்வாரியாகக் கணக்கு, தள்ளு என்ற தலைப்பில், இரண்டடி தூரத்தில் கிடக்கிறது.

அன்று அக்கா சாப்பிடவில்லை. தூசியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உப்பைக் கூட்டினாள். சாயந்திரம் முடிவு வந்தது. ஒரு மா நிலத்தில் ஒரு வருஷத்துக்குக் கால் மூட்டையிலிருந்து ஒரு மூட்டை வரை. வயல் மண்ணில் இருப்பதோ, மண் பரிசோதனைத் தாளின்படி மாவுக்கு ஐம்பது மூட்டைக்கு மேல். தெருவே மாடியில் கூடிவிட்டது. ஆனால் எல்லோருக்கும் இரண்டு பயம். ஒன்று, கால் என்றும் ஒன்று என்றும் சொன்னால் பண்ணைக்காரர் சும்மா விடுவாரா? இரண்டு, அம்மா தட்டைக் கழுவியது வெளியே தெரிந்தால்?

அதிகமாகச் சண்டை போட்டவள் நான்தான்.

"ஒரே ஒரு நம்பர் சொல்லுங்கக்கா. அரை மூட்டைன்னு சொல்லுங்க. வெள்ளிக்கிழமையை யாரும் கேக்கப் போறதில்ல. எங்க நிலம்க்கா."

"சொல்லலாம்டி. அவங்க ரெண்டாவது கேள்வி கேட்டா நீ வந்து பதில் சொல்றியா?"

நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. முன்னப்பின்ன எதுவும் இல்லை, சரியாக இரண்டு நாள்.

தாலுகா ஆபீசில் விசாரணை. கோட்டாட்சியர் நடுவில், பண்ணைக்காரர் அவருடைய வக்கீலோடு ஒரு பக்கம், நாங்கள் பன்னிரண்டு குடும்பம் இன்னொரு பக்கம். அக்கா மேசைமேல் இருந்த கோப்புக் கட்டில் விரலை ஓட்டிப் பார்த்து, இது லோக்கல் தூசி என்று என் காதில் சொன்னாள். நான் மனு நகலை நாலாவது தடவை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன், இவளுக்கு அது லோக்கலாம்.

கோட்டாட்சியர் கேட்டார். அவள் எழுந்து, இரண்டு உள்ளங்கையையும் தூக்கி, கால் மூட்டையிலிருந்து ஒரு மூட்டை வரை என்றாள். வக்கீல் சிரித்தார்.

"நாலு மடங்கு வித்தியாசம். தெரியலன்னு சொல்லிட்டுப் போயிடலாமேம்மா."

"ஆமா சார், சரியாத் தெரியல. ஆனா எவ்வளவு தெரியலன்னு தெரியும்."

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. யாரும் கேட்காமலே, தட்டு மனுதாரர் வீட்டு மாடியில்தான் இருந்தது, வெள்ளிக்கிழமைதோறும் மனுதாரர் அதைச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார் என்றாள். அறையே திரும்பி அம்மாவைப் பார்த்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பண்ணைக்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். ஆதாரத்தைக் கழுவியதே இவர்கள்தான் என்று வக்கீல் எழுந்துவிட்டார். முடிந்தது, மூன்று மாவும் முடிந்தது என்று நினைத்தேன்.

அக்கா அசரவில்லை. அவளுக்குக் குஷி ஏறிவிட்டது, குரலைக் கேட்டாலே தெரிந்தது.

"சரி சார், அந்தச் சனிக்கிழமைத் தட்டையெல்லாம் விட்டுடுங்க. எல்லாத் தட்டையும் விட்டுடுங்க. ஒரே ஒரு நாள் எடுத்துக்குங்க. கார்த்திகைல புயல் தள்ளிப் போச்சே, அன்னிக்குக் கடல் நுரை எங்க மாடிவரைக்கும் பறந்து வந்துச்சு. அது செவ்வாக்கிழமை, அம்மா தொடல. இருக்கறதுலயே ரொம்ப உப்பு விழுந்த நாள் அதுதான். வருஷம் முழுக்க, தெனமும் அதே புயல் அடிச்சுதுன்னு வச்சுக்குங்க. மழை பேஞ்சு ஒரு துளி உப்பைக்கூடக் கழுவிட்டுப் போகலன்னு வச்சுக்குங்க. அவர் பக்கம் எவ்வளவு சாயணுமோ அவ்வளவும் சாஞ்சுட்டேன். அப்பவும் அஞ்சு மூட்டை சார். முன்னப்பின்ன ரெண்டு."

கைகள் அவ்வளவுதான் விரிந்தன. ஒரு முறத்தின் அகலம்.

"மண்ணுல ரெண்டே வருஷத்துல அம்பது ஏறியிருக்கு. மிச்சம் எந்தக் காத்துல வந்துச்சுன்னு அவரைக் கேளுங்க."

அப்போது அம்மா முந்தானையை இறக்கிவிட்டு எழுந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"நான் கழுவுனது என் வீட்டுத் தட்டைங்கய்யா. அவரு குளத்தைக் கழுவி என் வாய்க்கால்ல விடுறாரே, அதை யாரு கேக்குறது?"

கோட்டாட்சியரே சிரித்துவிட்டார். வாய்க்காலில் குளத்துத் தண்ணீரைத் திறக்கக் கூடாது, விஷயம் முடியும்வரை பன்னிரண்டு பட்டாவையும் தொடக் கூடாது, மாடியில் அளப்பதை நிறுத்தக் கூடாது என்று அன்றே எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் அக்காவைக் கட்டிப்பிடித்தேன். என் இரண்டு நாள் கோபத்தைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள், ஏழு மாசமாகத் தள்ளு என்று எழுதி வைத்திருந்தேனே, என் மண்டையில் என்ன இருக்கிறது என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. ஆராய்ச்சிக் கப்பல், வேறு ஊர், வேறு மாடி. போன மாசம் வீடியோ காலில் வந்தாள். ஹலோகூடச் சொல்லவில்லை. இரண்டு உள்ளங்கையைத் திரைக்கு முன்னால் காட்டினாள். பின்னால் கதவு நிலை தெரிந்தது, கை அதைத் தொடவில்லை. பாதிகூட விரியவில்லை.

"பாருடி, கடலுக்கு இப்ப இவ்ளோதான். மூணு மடங்கு ரெண்டு மடங்காயிருச்சு."

அம்மா போனைப் பிடுங்கி, எத்தனை வண்டி என்று கேட்டாள். அரைமணி நேரம் இரண்டு பேரும் அதைத்தான் பேசினார்கள்.

பண்ணைக்காரர் கோர்ட்டுக்குப் போனார், வழக்கு இன்னும் நடக்கிறது. மூன்று மாவில் இரண்டு மாவில் நெல் நிற்கிறது, ஒன்றில் இன்னும் வெள்ளை பூக்கிறது. தினமும் காலை ஏழு மணிக்கு அம்மாதான் குண்டுகளை அலசி, பேனாவைத் தண்ணீரில் விட்டு, எண்ணை எழுதுகிறாள்.

இன்று வெள்ளிக்கிழமை. மாடி முழுக்க அம்மா கழுவிய ஈரம். மூன்று தட்டும் தூசியோடு கிடக்கின்றன.